ஓட்ட மணியா, அதிர்வா, என்ட்ரோபியா: மாங்கூழ் ஆலையில் ஒரு பாகத்தின் மிச்ச ஆயுளை எதைக் கொண்டு அளப்பது?

எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்து மாங்கூழ் ஆலைகள் ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு மாதம்தான் முழுமூச்சாக ஓடுகின்றன. காவேரிப்பட்டணம், பர்கூர், சந்தூர் பக்கத்துத் தோப்புகளில் பெங்களூரா காய் முற்றி இறங்கத் தொடங்கியதும் ஆலை வாசலில் லாரிகளும் டிராக்டர்களும் வரிசை கட்டிவிடும். அந்த நாள்களில், பழத்தை அடித்துக் கூழாக்கும் பல்ப்பர் எந்திரம் நாளொன்றுக்கு 20 மணி நேரம் ஓடும்; மிச்சமுள்ள 4 மணி நேரம் கழுவுவதற்கும் சல்லடை மாற்றுவதற்குமே போய்விடும். சீசன் முடிந்ததும் அதே எந்திரம் ஒன்பது, பத்து மாதம் அசையாமல் நிற்கும். ஓடும் காலத்தில் எதையும் கழற்றிப் பார்க்க முடியாது, கழற்றிப் பார்க்கக் கூடிய காலத்தில் எதுவும் ஓடாது என்னும் இந்த நிலையில்தான், எந்தப் பேரிங் இன்னொரு சீசன் தாங்கும், எந்த கியர்பாக்ஸை இப்போதே பிரித்துப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசிக்கும் மாசிக்கும் இடையில் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. முடிவு பிசகினால் அதன் விலையை ஆலை மட்டும் கொடுப்பதில்லை. பழுத்த பழத்துடன் வாசலில் நிற்கும் விவசாயியும் கொடுக்கிறார்.

இத்தகைய ஆலை ஒன்றின் பராமரிப்புப் பொறுப்பில் இருப்பவன் என்ற முறையில், எங்கள் முன் இருக்கும் மூன்று வழிகளை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன். முதலாவது, ஓடிய மணி நேரத்தை எண்ணி, புள்ளியியல் ஆயுள் சூத்திரத்தின்படி பாகத்தை மாற்றுவது. இரண்டாவது, அதிர்வை அளந்து எந்திரத்தின் இன்றைய நிலையைக் கேட்டறிவது. மூன்றாவது, பாகத்துக்குள் நடக்கும் மீளா நிகழ்வுகள், அதாவது உராய்வு, துரு போலத் திருப்ப முடியாதவை, உண்டாக்கும் என்ட்ரோபியை (வீணாகும் ஆற்றலைக் கொண்டு கணக்கிடும் ஓர் அளவு) கூட்டிக்கொண்டே வந்து, அது எல்லையை நெருங்குகிறதா என்று பார்ப்பது. மூன்றாவது வழி பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களில் வளர்ந்தது. எங்களைப் போன்ற சிறிய ஆலைகளில் அதைப் பற்றிப் பேசுவோர் அரிது. அதற்கு உரிய இடம் இங்கும் உண்டு என்பதே என் கருத்து. எல்லாப் பாகத்துக்கும் அது பொருந்தாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஓட்ட மணிக் கணக்கிலிருந்து தொடங்குகிறேன். உருளும் பேரிங்குகளுக்கான ஆயுள் சூத்திரத்தை 1947-இல் லுண்ட்பெர்க், பால்ம்கிரென் என்னும் இரு சுவீடன் நாட்டுப் பொறியாளர்கள் வகுத்தனர், இன்றைய ஐ.எஸ்.ஓ. 281 என்னும் பன்னாட்டுத் தரநிலை அதன் வழிவந்தது. பேரிங்கின் தாங்குதிறனை அதன் மேல் விழும் சுமையால் வகுத்து, குண்டு பேரிங்காக இருந்தால் அந்த விகிதத்தின் மும்மடியை எடுத்தால், எத்தனை பத்து இலட்சம் சுற்றுகள் அது ஓடும் என்பது கிடைக்கும். தாங்குதிறன் சுமையைப் போல் 10 மடங்கு, வேகம் நிமிடத்துக்கு 1,000 சுற்று என்று வைத்துக்கொண்டால் விடை ஏறத்தாழ 16,700 மணி நேரம். எங்கள் சீசனோ 60 நாள், நாளுக்கு 20 மணி, ஆக 1,200 மணி நேரம். கணக்குப்படி அந்தப் பேரிங் 13, 14 சீசன் ஓட வேண்டும். இரண்டு அல்லது மூன்று சீசனுக்குள் மாற்ற வேண்டிவருவதே எங்கள் அனுபவம்.

சூத்திரம் பொய் சொல்லவில்லை. அது எல் 10 ஆயுள், அதாவது ஒரே வகைப் பேரிங்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறு கடந்துவிடக்கூடிய ஆயுள்; சரிபாதி பேரிங்குகள் கடக்கும் ஆயுள் அதைப் போல் சுமார் 5 மடங்கு. இந்தச் சிதறலை விவரிக்கும் பரவல் சார்பை, சுவீடன் நாட்டுப் பொறியாளர் வெய்புல் 1951-இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு பொறியியல் உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்தப் புள்ளியியல் ஒரு கூட்டத்தைப் பற்றிப் பேசுவது. எங்களிடம் இருப்பது நான்கு பல்ப்பர், எட்டுப் பேரிங். அதோடு அந்தச் சூத்திரத்தின் அடிப்படை வடிவத்தில் கழுவுநீர் இல்லை, புளித்த சாறு இல்லை, கிரீஸ் கரைந்து போவது இல்லை. புதிய தரநிலையில் மாசுக்கும் மசகுக்கும் திருத்தக் காரணி இருக்கிறது. எங்கள் கழுவும் தளத்தில் அந்தக் காரணிக்கு என்ன மதிப்பு இடுவது என்பதை எவரும் வரையறுத்துத் தர முடியாது.

ஒரு சீசன் முடிவில் நாங்கள் கண்டது இதைத் தெளிவாக்கும். ஒரே ஷாஃப்டின் இரு முனைகளிலும் ஒரே வகைப் பேரிங்குகளை ஒரே நாளில் மாட்டியிருந்தோம். பெல்ட் இருக்கும் முனையில், பெல்ட்டை வேண்டிய அளவுக்கு மேல் இழுத்துக் கட்டிவிட்டோம். அது எங்கள் தவறு. சீசன் முழுவதும் அந்த முனையின் பேரிங் கூடு மறுமுனையைவிட ஏறக்குறைய 20 பாகை கூடுதலாகச் சுட்டுக்கொண்டிருந்தது. ஆவணியில் கழற்றிப் பார்த்தபோது பெல்ட் பக்கத்துப் பேரிங்கின் ஓடுபாதையில் குழிகள் விழுந்திருந்தன, கிரீஸ் கறுத்து உலர்ந்திருந்தது. மறுமுனைப் பேரிங்கில் கிரீஸின் நிறம்கூட மாறவில்லை. ஓட்ட மணிப் பதிவேட்டில் இரண்டுக்கும் ஒரே எண். அந்தப் பதிவேடு இரண்டையும் மாற்றச் சொல்லும் அல்லது இரண்டையும் விட்டுவைக்கச் சொல்லும். இரண்டு ஆலோசனையுமே தவறு.

அந்த 20 பாகைச் சூட்டை எங்கள் மூத்த ஃபிட்டர் அண்ணன் முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துச் சொன்னார். கூட்டின் மேல் உள்ளங்கையை வைத்து, சில விநாடி வைத்திருக்க முடிகிறதா என்று பார்ப்பது அவருடைய வழக்கம். முடியாவிட்டால் கூடு ஏறத்தாழ 60 பாகையைத் தாண்டிவிட்டது என்று பொருள். பல தலைமுறை எந்திரக்காரர்களின் கை கற்ற பாடம் அது. சூடு என்பது பாகத்துக்குள் ஏதோ வீணாகிறது என்பதன் அடையாளம். கைக்குத் தெரிவது அந்த நேரத்துச் சூடு மட்டும். சென்ற வாரம் எத்தனை நாள் அப்படிச் சுட்டது, அதற்கு முந்தைய சீசனில் எப்படி இருந்தது என்பதைக் கை நினைவில் வைத்துக்கொள்ளாது. அந்த நினைவை எண்ணாக மாற்றி வைப்பதுதான் என்ட்ரோபிக் கணக்கின் வேலை.

1865-இல் ஜெர்மன் இயற்பியலாளர் கிளாசியஸ் பெயரிட்ட என்ட்ரோபியைப் பள்ளிப் பாடத்தில் ஒழுங்கின்மையின் அளவு என்று படித்திருப்போம். பராமரிப்புக்காரருக்கு அதைவிட உதவக்கூடிய விளக்கம் ஒன்று உண்டு. உராய்வு, உலோகம் நிரந்தரமாக வளைவது, துரு, மசகு சிதைவது ஆகிய மீளா நிகழ்வு ஒவ்வொன்றும் பயனுள்ள ஆற்றலில் ஒரு பகுதியை வெப்பமாக வீணாக்குகிறது. அப்படி வீணாகும் ஆற்றலை அது வீணாகும் இடத்தின் கெல்வின் வெப்பநிலையால் வகுத்தால் கிடைப்பது அந்த நிகழ்வு உண்டாக்கிய என்ட்ரோபி. வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதிப்படி இந்தத் தொகை ஒருபோதும் குறையாது. பாகத்தின் சேதமும் தானாகக் குறைவதில்லை. ஆகவே ஒன்றை மற்றொன்றின் அளவுகோலாகக் கொள்ள முடியுமா என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது.

அதற்கு விடை தந்த ஆய்வுகளில் மூன்றை மட்டும் சொல்கிறேன். டோலிங் முதலியோர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனையில், தேயும் பரப்பிலிருந்து வெளியேறும் என்ட்ரோபியும் தேய்மானமும் ஏறத்தாழ நேர்கோட்டில் சேர்ந்து வளர்வதைக் காட்டினர். பிரையன்ட், கோன்சரி, லிங் ஆகிய மூவரும் 2008-இல், சிதைவின் வேகம் என்பது அதற்குக் காரணமான ஒவ்வொரு மீளா நிகழ்வும் என்ட்ரோபி உண்டாக்கும் வேகத்தை அந்தந்த நிகழ்வுக்குரிய கெழுவால் பெருக்கிக் கூட்டியதற்குச் சமம் என்று பொதுவாக நிறுவினர். ஆர்ச்சர்டு 1953-இல் சொன்ன தேய்மான விதி, அதாவது தேய்ந்த கனஅளவு சுமைக்கும் சறுக்கிய தொலைவுக்கும் நேர் விகிதத்தில் இருக்கும் என்பது, இந்தப் பொது வடிவத்திலிருந்தே வந்துவிடுகிறது. ஏனெனில் சுமை, தொலைவு, உராய்வுக் கெழு மூன்றையும் பெருக்கினால் கிடைப்பது உராய்வில் வீணான ஆற்றல்தான். பழைய அனுபவ விதி ஒன்று புதிய கோட்பாட்டுக்குள் தனக்குரிய இடத்தில் வந்து அமர்வதைப் பார்த்த பிறகே எனக்கு இந்த வழியின் மேல் நம்பிக்கை பிறந்தது.

மூன்றாவது ஆய்வு உலோகச் சோர்வைப் பற்றியது. நாதேரி, அமீரி, கோன்சரி ஆகியோர் 2010-இல், திரும்பத் திரும்ப வளைத்து முறிக்கப்பட்ட உலோகத் துண்டுகளில், முறிவு வரை கூடிய என்ட்ரோபி ஏறத்தாழ ஒரே அளவாக இருப்பதைக் கண்டனர். 6061-டி6 அலுமினியத்துக்கு ஒரு கன மீட்டருக்கும் ஒரு கெல்வினுக்கும் சுமார் 4 மெகாஜூல், 304 வகைத் துருப்பிடிக்கா எஃகுக்குச் சுமார் 60 மெகாஜூல். வேகமாக வளைத்தாலும் மெதுவாக வளைத்தாலும், துண்டு தடிப்பாக இருந்தாலும் மெலிதாக இருந்தாலும், முறியும் வரை கூடிய தொகை பெரிதாக மாறவில்லை. பால்ம்கிரென் 1924-இலும் மைனர் 1945-இலும் சொன்ன சேதக் கூட்டல் விதி, பெரிய சுமை முதலில் வந்ததா, சிறிய சுமை முதலில் வந்ததா என்பதைக் கவனிப்பதே இல்லை. என்ட்ரோபிக் கணக்கோ ஒவ்வொரு சுற்றிலும் உண்மையில் வீணான ஆற்றலையே எழுதுவதால், பாகம் பட்ட பாட்டின் வரலாறு அதற்குள் தானாகவே சேர்ந்துவிடுகிறது.

நிகழ்தகவு இங்கேயும் விலகிப் போய்விடுவதில்லை. ஒரே உலோகத்தின் பல துண்டுகள் முறியும்போது கூடியிருந்த என்ட்ரோபி ஒரே எண்ணாக வராது. ஒரு பட்டையாகச் சிதறி விழும். அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் மொடாரஸும் இமானியனும் 2015-இல், அரிப்பும் சோர்வும் ஒருங்கே தாக்கும் அலுமினியத் துண்டுகளை வைத்து இதை நம்பகத்தன்மைக் கணக்காக மாற்றினர். இதுவரை கூடிய என்ட்ரோபி முறிவெல்லையை இன்னும் எட்டவில்லை என்பதன் நிகழ்தகவே அந்தப் பாகத்தின் நம்பகத்தன்மை. ஓட்ட மணிக் கணக்கில் கிடைமட்ட அச்சில் காலம் இருந்தது. இதில் அந்த அச்சில் பாகம் பட்ட பாடு இருக்கிறது. அச்சு மாறியதும், பெல்ட் பக்கத்துப் பேரிங்கும் மறுமுனைப் பேரிங்கும் வெவ்வேறு இடங்களில் போய் நிற்கின்றன.

இதை ஆலையில் எப்படி அளப்பது? பேரிங் கூட்டின் வெப்பநிலைக்கும் சுற்றுக் காற்றின் வெப்பநிலைக்கும் உள்ள வேறுபாட்டை, கூடு ஒரு பாகைக்கு எத்தனை வாட் வெப்பத்தை வெளியே விடுகிறது என்னும் எண்ணால் பெருக்கினால், நிலைத்த ஓட்டத்தில் உள்ளே வீணாகும் திறன் கிடைக்கும். அந்த எண்ணைப் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. எந்திரம் நிற்கும்போது கூட்டின் மேல் 40 வாட் மின்சூடேற்றிக் கருவி ஒன்றைக் கட்டி, சில மணி நேரம் விட்டு, வெப்பநிலை ஏறி நின்றதும் அளந்தால் போதும். 22 பாகை ஏறியிருந்தால் பாகைக்கு ஏறத்தாழ 1.8 வாட். இனி 35 பாகைக் காற்றில் கூடு 60 பாகையில் ஓடினால் வீணாவது 45 வாட். அதை 333 கெல்வினால் வகுத்தால் ஒரு விநாடிக்குக் கெல்வினுக்கு 0.135 ஜூல்; 1,200 மணி நேரத்துக்கு அது சுமார் 584 கிலோஜூல் ஒரு கெல்வினுக்கு. அதே கூடு 85 பாகையில் ஓடினால் 90 வாட், 358 கெல்வின். சீசன் முடிவில் சுமார் 1,086 கிலோஜூல். மணி ஒன்றே, தொகை 1.86 மடங்கு.

இந்த எளிய கணக்கில் எங்கள் தொழிலுக்கே உரிய பொறி ஒன்று இருக்கிறது. பல்ப்பருக்குள் போகும் கூழ் நீராவியில் சூடேற்றப்பட்டு வருகிறது. அந்தச் சூடு ஷாஃப்ட் வழியாகப் பேரிங் கூட்டுக்கும் பரவும். அது பேரிங் உண்டாக்கிய சூடு அன்று. வழிப்போக்காக வந்து போவது. கூட்டின் வெப்பநிலையை மட்டும் பார்த்துக் கணக்கெழுதினால், பேரிங் செய்யாத குற்றத்தையும் அதன் தலையில் எழுதியவர்கள் ஆவோம். சீசனுக்கு முன் பச்சைத் தண்ணீர் விட்டு ஓட்டிப் பார்க்கும் ஒரு மணி நேரத்தில் கூட்டின் சூட்டைக் குறித்துக்கொண்டால், உராய்வால் வருவது எவ்வளவு, கூழிலிருந்து கடத்தப்பட்டு வருவது எவ்வளவு என்று ஓரளவுக்குப் பிரிக்கலாம். ஓரளவுக்குத்தான், கூழின் பளு தண்ணீரின் பளுவைவிடக் கூடுதல் என்பதால் உராய்வும் மாறும்.

அதற்கும் மேலாக, உருளும் பேரிங்கில் வீணாகும் திறனின் பெரும்பகுதி கிரீஸைக் கடைவதிலும் சீல் உரசுவதிலும் போகிறது. ஓடுபாதையின் அடியில் விரிசல் வளர்ப்பதற்குப் போவது மிகச் சிறிய பங்கு. ஆகவே பேரிங் கூட்டின் என்ட்ரோபி, ஓடுபாதை எப்போது உரியும் என்பதைவிட, கிரீஸ் எப்போது கெடும் என்பதையே நன்றாகச் சொல்லும். கோன்சரியும் ரெசாசொல்தானியும் 2014-இல் கிரீஸின் சிதைவுக்கும் அதில் உண்டான என்ட்ரோபிக்கும் உள்ள தொடர்பைச் சோதனையால் காட்டியிருக்கிறார்கள். எங்களுக்கு இது பெரிய உதவி. ஏனெனில் எங்கள் பேரிங்குகள் சாவதற்கு முன் முதலில் சாவது கிரீஸ்தான். இத்தனை நாளுக்கு ஒரு முறை என்று எல்லாப் பேரிங்குக்கும் ஒரே அளவில் கிரீஸ் அடிப்பதை விட்டுவிட்டு, தொகை கூடிய பேரிங்குக்கு அடிக்கடியும் கூடாததற்கு அரிதாகவும் அடிக்கலாம். வேண்டாத பேரிங்குக்குக் கிரீஸ் அடித்துச் சூடேற்றுவதும் ஒரு சேதம்தான்.

என்ட்ரோபிக் கணக்கு முழுமையாகத் தன் திறமையைக் காட்டும் இடம் வார்ம் கியர்பாக்ஸ், அதாவது திருகு போன்ற புரி ஒன்று பற்சக்கரத்தைச் சுழற்றும் பெட்டி. பழம் ஏற்றும் எலிவேட்டரையும் தரம் பிரிக்கும் கன்வேயரையும் எங்கள் ஆலையில் அதுதான் இழுக்கிறது. வார்ம் கியரில் பற்கள் உருளுவதைவிடச் சறுக்குவதே அதிகம். எஃகுப் புரியின் மேல் வெண்கலச் சக்கரம் சறுக்கிச் சறுக்கித் தேயும். 2.2 கிலோவாட் உள்ளே போய், திறன் விகிதம் நூற்றுக்கு 70 என்றால் 660 வாட் எண்ணெயில் சூடாகிறது. எண்ணெய் 75 பாகையில் நின்றால் ஒரு விநாடிக்குக் கெல்வினுக்கு 1.9 ஜூல், ஒரு சீசனுக்கு 8 மெகாஜூலுக்குச் சற்று மேல். பேரிங் கூட்டின் தொகையைவிட இது 14 மடங்கு. அளவீட்டுப் பிழை இதற்குள் அமுங்கிவிடும். அதைவிட முக்கியமானது, இங்கே வீணாகும் ஆற்றலின் பெரும்பங்கும் வெண்கலப் பல் தேய்வதும் ஒரே சறுக்கலில் நடப்பவை. காரணமும் சேதமும் ஒரே இடத்தில் இருக்கும்போது கோட்பாடு நேர்மையாக வேலை செய்கிறது.

தேய்மானத்தை அளக்கவும் இங்கே எளிய வழி உண்டு. புரியை அசையாமல் பிடித்துக்கொண்டு, சக்கரத்தின் ஷாஃப்ட்டில் ஒரு நெம்புகோலை மாட்டி, நுண்ணிய அசைவைக் காட்டும் டயல் கேஜை வைத்து முன்னும் பின்னும் ஆட்டினால் பற்களுக்கிடையிலான தளர்ச்சி தெரிந்துவிடும். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு: முதல் சீசனில் 8 மெகாஜூல் கூடியபோது தளர்ச்சி 0.10 மி.மீ. வளர்ந்தது, விளைச்சல் கூடி, அதே மணிகளில் கூடுதல் பளுவோடு ஓடிய இரண்டாம் சீசனில் 11 மெகாஜூல் கூடியபோது 0.14 மி.மீ. வளர்ந்தது என்று கொள்வோம். இரு சீசனிலும் விகிதம் ஏறக்குறைய ஒன்றுதான். அந்த கியர்பாக்ஸின் கெழு அதுவே. 0.50 மி.மீ. தாண்டினால் சக்கரத்தை மாற்றுவது என்பது நம் வரம்பானால், மிச்சம் இருப்பது 0.26 மி.மீ., அதாவது சுமார் 20 மெகாஜூல். அடுத்த சீசன் சாதாரண சீசனாக இருந்தால் இரண்டரை சீசன். கோடை மழை கெடுத்து விளைச்சல் குறைந்தால் மூன்றுக்கும் மேல். எண்ணெய் மாறியோ பல் சேதமடைந்தோ விகிதம் திடீரென்று உயர்ந்தால், அதுவே பிரித்துப் பார்க்கச் சொல்லும் அறிவிப்பு. ஓட்ட மணிக் கணக்கால் இந்த வேறுபாட்டைத் தர முடியாது. அதிர்வுக் கணக்கும் இங்கே தடுமாறும். மெதுவாகச் சுழன்று சறுக்கித் தேயும் பற்கள் சத்தமின்றியே தேய்ந்துகொண்டிருக்கும்.

மோட்டார் சுருளுக்கு வருவோமானால், அங்கே என்ட்ரோபிக் கூட்டல் வழிதவறச் செய்யும். செம்புக் கம்பியில் மின்னோட்டம் உண்டாக்கும் வெப்பம் ஏராளமான என்ட்ரோபியைத் தரும். அதனால் செம்புக்கு ஒன்றும் ஆகாது. கெடுவது அதைச் சுற்றியுள்ள காப்பு. அதன் வேதிச் சிதைவு வெப்பநிலை உயர உயர மடங்குமடங்காக வேகம் பெறுகிறது. சுருளின் வெப்பநிலை 10 பாகை ஏறினால் காப்பின் ஆயுள் பாதியாகும் என்னும் பழைய தோராய விதியே இதற்குப் போதும். மாலையில் மின்னழுத்தம் இறங்கும் நாள்களில் மோட்டார் எவ்வளவு சுட்டது என்பதை மட்டும் எழுதி வைத்தால் போதுமானது.

பல்ப்பர் ஷாஃப்ட் வேறு வகைச் சிக்கல். அதன் மேல் விழும் வளைவு அழுத்தம் உலோகத்தின் நெகிழ்ச்சி எல்லைக்கு வெகு கீழே இருக்கும்படியே வடிவமைப்பார்கள். அந்த அளவில் ஒரு சுற்றுக்கு வீணாகும் ஆற்றல் மிகமிகச் சிறிது. அதிலும் பெரும்பகுதி சேதம் எதுவும் செய்யாத உள்ளுராய்வு. நான் மேலே சொன்ன 4, 60 என்னும் அளவுகள் முதன்மையாகக் குறைந்த சுற்றுகளில் முறியும்படி பலமாக வளைத்த சோதனைகளில் கிடைத்தவை. அவற்றைக் கொண்டுவந்து கோடிக்கணக்கான சுற்றுகள் ஓடும் ஷாஃப்டின் மேல் வைப்பது முறையன்று. நீராவிச் சூட்டுக்கு நடுவில் ஒரு பாகையின் நூறில் ஒரு பங்கை அளக்க எங்களால் முடியாது. எனவே ஷாஃப்டுக்கு ஆண்டுக்கொரு முறை கழற்றி, சாவிப்பள்ளத்தின் மூலையிலும் படிகள் மாறும் இடத்திலும் சிவப்புச் சாயம் பூசித் துடைத்து, வெள்ளைப் பொடியில் கோடு தெரிகிறதா என்று பார்க்கும் சோதனையையே நம்புகிறேன். விரிசல் இருக்கிறதா என்பதை அது நேரடியாகக் காட்டுகிறது.

அதிர்வு அளவீடு இந்த ஒப்பீட்டில் நடுவில் நிற்கிறது. 15 கிலோவாட்டுக்கு உட்பட்ட சிறு எந்திரங்களுக்குப் பழைய ஐ.எஸ்.ஓ. 10816 தரநிலையில் (2016 முதல் அதன் பொதுப்பகுதியின் இடத்தில் ஐ.எஸ்.ஓ. 20816 வந்துவிட்டது), அதிர்வு வேகத்தின் இருமடிச் சராசரி மூலம் (ஆர்.எம்.எஸ்.) விநாடிக்கு 1.8 மி.மீ.-க்கு மேல் போனால் கவனிக்க வேண்டிய நிலை, 4.5 மி.மீ.-ஐத் தாண்டினால் ஆபத்து நிலை. உருளும் பேரிங்கின் ஓடுபாதையில் விழுந்த குழியைக் கண்டுபிடிப்பதில் அதிர்வுக்கு இணையான கருவி எங்களிடம் இல்லை. ஆனால் முதல் கட்டப் பல்ப்பரில் மாங்கொட்டைகள் துடுப்பில் மோதி உருள்கின்றன. அந்த இரைச்சலில் பேரிங்கின் மெல்லிய சத்தம் மூழ்கிவிடும். கொட்டை நீங்கிய கூழ் ஓடும் ஃபினிஷரில் அளவீடு தெளிவாக வருகிறது. பல்ப்பரில் அளக்க வேண்டுமானால் வெறும் ஓட்டத்தில்தான் அளக்க வேண்டும், அப்போது சுமை இருக்காது. அதிர்வு இன்னொன்றையும் சொல்லாது: இன்று 1.5 மி.மீ. காட்டும் பேரிங் அடுத்த 1,200 மணி நேரத்தில் என்ன ஆகும் என்பது அதற்குத் தெரியாது. சேதம் தோன்றிய பின் அது பேசத் தொடங்கும். என்ட்ரோபித் தொகையோ சேதம் சேரும்போதே எழுதப்படுகிறது.

ஆனால் நிற்கும் பத்து மாதங்களை நினைக்கும்போது அதிர்வு அளவீடு இன்றியமையாததாகிறது. பெங்களூரா சாறு புளிப்பானது. கழுவிய பின்னும் சீலின் ஓரத்தில் தங்கிய ஈரம் பேரிங்குக்குள் மெல்லத் துருவை வளர்க்கும். துருப்பிடிப்பதும் மீளா நிகழ்வுதான், அதுவும் என்ட்ரோபி உண்டாக்குகிறது. கோட்பாட்டில் அதற்கான உறுப்பு தெளிவாகவே இருக்கிறது. வெப்பமானியில் மட்டும் அது தெரியாது. ஓட்ட மணிப் பதிவேட்டிலோ அந்தப் பத்து மாதமும் சுழியம். ஆக, நிற்கும் காலத்துச் சேதத்தை நம் இரு கணக்குப் புத்தகங்களும் தவறவிடுகின்றன. சீசனுக்கு முந்தைய வெறும் ஓட்டத்தில் எடுக்கும் அதிர்வு அளவு மட்டுமே அதைப் பிடிக்கும்.

செலவைப் பொறுத்தவரை, அகச்சிவப்பு வெப்பமானியும், வெப்பநிலையை உணரும் நான்கைந்து தெர்மோகப்பிள் கம்பிகளும் சில ஆயிரம் ரூபாயில் முடியும். மோட்டாரின் மின்னோட்டத்தைப் பார்க்கும் கிளாம்ப் மீட்டர் எல்லா ஆலையிலும் ஏற்கெனவே இருக்கிறது. நல்ல அதிர்வுமானிக்கு அதைப் போல் பல மடங்கு ஆகும். அதைப் படிக்கத் தெரிந்தவரும் வேண்டும். என்ட்ரோபிக் கணக்குக்கு உண்மையில் ஆகும் செலவு பணமன்று, ஒழுங்கு. ஒவ்வொரு ஷிஃப்டிலும் காற்றின் வெப்பநிலை, கூட்டின் வெப்பநிலை, எண்ணெயின் வெப்பநிலை, மின்னோட்டம் ஆகியவற்றைத் தவறாமல் எழுத வேண்டும். இரவு ஷிஃப்டில் எழுதாமல் விட்டு, காலையில் ஊகித்து நிரப்பினால் தொகை முழுவதும் பாழ். கெழு கிடைக்க இரண்டு சீசனாவது காத்திருக்கவும் வேண்டும். அந்த இரு சீசனிலும் பழைய முறைகளைக் கைவிட முடியாது.

எங்கள் ஆலைக்கு நான் பரிந்துரைக்கும் முடிவு இது. ஐந்து வார்ம் கியர்பாக்ஸுகளுக்கும் இந்த ஆண்டிலிருந்தே என்ட்ரோபிப் பேரேடு தொடங்குவது, தை மாதத்தில் ஒவ்வொன்றின் தளர்ச்சியையும் டயல் கேஜில் அளந்து முதல் வரியாக எழுதுவது. எட்டுப் பல்ப்பர் பேரிங்குகளுக்கும் கிரீஸ் அடிக்கும் இடைவெளியை மட்டும் என்ட்ரோபித் தொகையால் தீர்மானிப்பது; மாற்றுவதா வேண்டாமா என்பதைச் சித்திரையில் எடுக்கும் வெறும் ஓட்ட அதிர்வு அளவால் தீர்மானிப்பது. இரண்டும் முரண்பட்டால், அதாவது தொகை குறைவாக இருந்தும் அதிர்வு கூடியிருந்தால், துருவைச் சந்தேகித்துக் கழற்றுவது. ஷாஃப்டுகளுக்குச் சாயச் சோதனை, மோட்டாருக்கு வெப்பநிலைக் குறிப்பு. ஓட்ட மணிப் பதிவேட்டை நிறுத்த வேண்டாம். பேரேட்டில் விநாடிக்கு உண்டாகும் என்ட்ரோபியைக் காலத்தோடு பெருக்க அந்த மணிகள் வேண்டும்.

இரண்டு சீசனுக்குப் பிறகு ஐந்து கியர்பாக்ஸின் கெழுக்களும் ஒன்றுக்கொன்று நெருங்கி வந்தால், ஆறாவதாக வாங்கப்போகும் கியர்பாக்ஸுக்கு முதல் நாளிலேயே ஆயுள் சொல்லலாம். நெருங்காமல் சிதறிக் கிடந்தால், ஒவ்வொன்றுக்கும் அதனதன் கெழுவையே வைத்துக்கொண்டு, வரம்பை 0.50 மி.மீ.-இலிருந்து 0.40-க்கு இறக்கிவைப்பேன்.